சரித்திர சாரின் கப்பல் மரம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவரிடம் எதைக் கேட்டாலும் பதில் கிடைக்கும். அது உண்மையான பதிலா என்பது வேறு விஷயம். "தெரியாது" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்ட ஆளை அன்றைக்கு பெங்களூர் கன்டோன்மென்ட் முழுக்கத் தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பிள்ளைகளுக்கு அவர் சரித்திர சார். ஆசிரியர்களான எங்களுக்கும் அப்படித்தான், பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. ஒல்லியான மனிதர். சித்திரை வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டோடு வருவார். பேச ஆரம்பிக்கும் முன் பக்கத்திலிருக்கும் சுவரை உள்ளங்கையால் தட்டிக்கொடுப்பார், பால் கறக்கப் போகிறவர் மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. பிறகு, "இதுல ஒரு சங்கதி இருக்கு" என்பார். அவ்வளவுதான், அடுத்த மணி அடிக்கும்வரை யாரும் நகர முடியாது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆன பிறகு நான் அங்கே கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். சொந்த ஊர் கோலார் தங்கவயல். அல்சூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு நடந்தே பள்ளிக்கு வருவேன். கணக்கு டீச்சருக்கு ஒரு கேள்விக்கு ஒரு விடைதான். அந்த மனுஷருக்கோ கேட்கிற ஆளைப் பொறுத்து விடை மாறும். ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி போட்டது யார் செய்த சதி என்று இன்றுவரை தெரியவில்லை.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய கதைகளில் முக்கால்வாசி அதைப் பற்றியவைதான். பழைய கருங்கல் கட்டடம். சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்கள், வகுப்பறைகளுக்காகப் பிற்காலத்தில் வெட்டிய ஜன்னல்களின் விளிம்பில் ஒரு பிள்ளை காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு அகலம். மேலே மங்களூர் ஓடு. முகப்பு வாசலில் மட்டும் பிற்காலத்தில் யாரோ மரச் சட்டங்களால் பல்லுப் பல்லாகக் கூரைத் தொங்கல் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து பெங்களூர் பங்களாக்களில் எல்லாம் உண்டே, அது. நடுவில் பெரிய ஹால். அதில் தட்டி வைத்துத் தடுத்து, கீழ்வகுப்புகள் நடக்கும். ஹாலின் பழைய ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கும் மேலே, கூரையை ஒட்டி இருந்தன. தரை, வெளி மண்ணிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றது. வாசல் கதவு மட்டும் இரட்டை மாட்டு வண்டியே நுழையுமளவு பெரியது. வெளிச்சுவரில் வரிசையாக இரும்பு வளையங்கள்.

சேர்ந்த அன்றே கேட்டேன், ஜன்னல்களை ஏன் அவ்வளவு உயரத்தில் வைத்தார்கள் என்று. சுவரைத் தட்டினார்.

"இதுல ஒரு சங்கதி இருக்கு டீச்சர். இது ஒரு கர்னலோட மாளிகை. அவன் பெண்டாட்டி ரொம்ப அழகு. தெருவுல போறவன் எவனும் பார்த்துடக் கூடாதுன்னு ஜன்னலை மேல வெச்சுட்டான். அந்தம்மா கடைசிவரைக்கும் ஆகாசத்தை மட்டும்தான் பார்த்துச்சு."

எனக்கு அன்று முழுக்க அந்தம்மாவை நினைத்து மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு தகப்பனாரிடம் அதே ஜன்னலைக் காட்டி, பிளேக் காலத்தில் இது ஆஸ்பத்திரியாக இருந்தது, விஷக்காற்று மேலாகப் போய்விடட்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"போன வாரம் கர்னல் பெண்டாட்டின்னு சொன்னீங்களே சார்?"

"போன வாரம் நீங்க கேட்டீங்க. இன்னிக்கு அவர் கேட்டார்."

சொல்லிவிட்டு டீயை ஊதிக் குடித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் நோட்டுத் திருத்தப் போனேன்.

இரும்பு வளையங்களுக்கும் இப்படித்தான். பெரிய பையன்களுக்கு அது கைதிகளைக் கட்டிய வளையம், சின்னப் பெண்களுக்கு நவாப் வீட்டுப் பிள்ளைகள் ஊஞ்சல் கட்டிய வளையம். உயர்ந்த தரை, பல்லக்கிலிருந்து கால் மண்ணில் படாமல் இறங்குவதற்கு. அகலக் கதவு, யானைக்கு. ஹெட்மாஸ்டர் ஒருமுறை விளையாட்டாக, பின்கட்டுக் கக்கூஸுக்கும் ஏதாவது சங்கதி உண்டா என்று கேட்டார். இருந்தது. அரை மணி நேரம் இருந்தது.

ஒருநாள் சீமையிலிருந்து ஒரு துரைசானி அம்மாள் காரில் வந்து இறங்கினாள். அவளுடைய தாயார் பிறந்த வீட்டைத் தேடி வந்திருக்கிறாள். அவள் சொன்ன அடையாளமெல்லாம் அடுத்த தெருவில் இருந்த பங்களாவுக்குத்தான் பொருந்தின, எங்கள் பியூனுக்கே தெரிந்தது. ஆனால் அவளுக்கு முதலில் எதிர்ப்பட்டவர் சரித்திர சார். நேராக ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு அழைத்துப்போய், கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு மூலையைக் காட்டினார். அந்தம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது அநியாயம் சார். அவங்க அம்மா இங்க பொறக்கவே இல்ல."

"பங்களாவை இடிச்சுட்டு இப்ப அங்க பெட்ரோல் பங்க் கட்டறாங்க, டீச்சர். அவ்ளோ தூரத்துல இருந்து வந்தது, அதைப் பார்த்துட்டா போகணும்?"

பங்களாவை இடித்தது மட்டும் நிஜம், அதை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். சிரிக்க முடியாத ஒன்று ஆடி மாதக் காற்றோடு வந்தது.

ஹாலின் குறுக்கே, பிள்ளைகளின் தலைக்கு நேர் மேலே, ஒரு பெரிய மர உத்திரம் இருந்தது. கூரையின் பாரத்தில் பாதியை அதுதான் தாங்கியது. அந்த வருஷம் காற்று அடிக்கும்போதெல்லாம் அது முனக ஆரம்பித்தது. எங்கள் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் முட்டு மரம் கொடுக்கிற வேலை பார்த்தவர். மரம் சத்தம் கொடுத்தால் போட்டது போட்டபடி வெளியே ஓடி வர வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் அந்தப் பிள்ளைகள் பயப்படவே இல்லை. சத்தம் கேட்டதும் எல்லோரும் அண்ணாந்து பார்த்து, "கப்பல் கிளம்பிடுச்சு" என்று கை தட்டினார்கள்.

விசாரித்தேன். சரித்திர சார் சொல்லியிருக்கிறார். அந்த உத்திரம் ஒரு காலத்தில் கப்பலின் பாய்மரமாம். மங்களூர்க் கரையில் கப்பல் உடைந்ததும் யானைகள் இழுத்து வந்தனவாம். காற்று அடித்தால் அதற்குக் கடல் ஞாபகம் வந்துவிடும், ஊருக்குப் போகணும் என்று அழும். வேறொன்றும் பண்ணாது.

"சார், அது உளுத்த மரம் போடற சத்தம்" என்றேன்.

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சுரங்கம் ஞாபகம்தான் டீச்சர். அது நூறு மழையைப் பார்த்த மரம்."

ஹெட்மாஸ்டரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். பழுதான கட்டடத்தில் நடக்கிற பள்ளிகளை மூடி, சிட்டி பக்கம் இருக்கிற ஒரு பெரிய பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். எங்கள் கட்டடத்தைப் பார்க்க பொதுப்பணித் துறை எஞ்சினியர் வரப்போகிறார். மழைக்கு முன்னால் வருவாரோ பின்னால் வருவாரோ, அதுவரை யாரும் உத்திரம் கித்திரம் என்று வாயைத் திறக்கக் கூடாது.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. எங்களிடம் படித்த பெண் பிள்ளைகள் எல்லாம் அல்சூரிலிருந்தும் ஆடுகோடியிலிருந்தும் நடந்து வருகிறவர்கள். கூலி வேலைக்கும் மில் வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பில் மல்லிகா என்று ஒரு பெண், முன்வரிசையில் உட்காருவாள். அவள் அப்பா என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "பஸ் ஏறிப் போற ஸ்கூல்னா வேணாம் டீச்சர், வீட்ல இருக்கட்டும். படிச்ச வரைக்கும் போதும்." அவரைப்போல எத்தனையோ பேர். பள்ளிக்கூடம் இடம் மாறினால் அத்தனை பெண்களின் படிப்பும் அன்றோடு முடிந்தது.

பள்ளி மூடினால் படிப்பு போகும், மூடாவிட்டால் தலையில் கூரை விழும். இதற்கு நடுவில் நான் ஒரே ஒரு காரியம் செய்தேன். ஹாலில் எனக்கு இருந்த பீரியட்களை எல்லாம் வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டேன். சரித்திர சார் அதே உத்திரத்துக்கு நேர் கீழே நின்று பாடம் நடத்தினார். வேண்டுமென்றே அங்கே நிற்கிறார் என்று எனக்கு எரிச்சல்.

எஞ்சினியர் வந்த அன்று காலையிலிருந்தே காற்று. நடுத்தர வயது, கையில் குடை, அவசரமே இல்லாத கன்னடக்காரர். தமிழும் பேசினார். ஹெட்மாஸ்டர் முன்னாடியே என்னை எச்சரித்திருந்தார்: "நீங்க ஹால்ல பசங்களைப் பார்த்துக்குங்க. பேச்சு எல்லாம் சார் பார்த்துப்பார்." எங்கள் எல்லோருடைய நம்பிக்கையும் அன்று சரித்திர சாரின் நாக்கில்தான் இருந்தது.

அவரும் குறை வைக்கவில்லை. கோட்டை இஸ்திரி போட்டு வந்திருந்தார். ஹாலின் திறந்த கதவு வழியாக எனக்கு எல்லாம் கேட்டது. வளையத்தைக் காட்டி, கர்னலின் யானை என்றார். எஞ்சினியர் "ஹௌதா?" என்றார். அப்படியா என்று அர்த்தம். உயர்ந்த தரையைக் காட்டி, பல்லக்கு என்றார். "ஹௌதா?" உயர்ந்த ஜன்னலைக் காட்டி அந்த அழகான அம்மாவின் கதையைச் சொன்னபோது, அதுவரை நான் கேட்காத ஒரு கிளியும் அதில் சேர்ந்திருந்தது. "ஒள்ளே கதை" என்று எஞ்சினியர் கன்னடத்தில் மெச்சினார். ஹெட்மாஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது.

ஹாலுக்குள் வந்தார்கள். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். எஞ்சினியர் மேலே பார்த்தார். பார்வைக்கு உத்திரம் கறுத்து, பருத்து, கம்பீரமாகத்தான் இருந்தது.

"இது திடமா இருக்கா?" என்று கேட்டார். பேனாவின் மூடியைக் கழற்றியாயிற்று. "நீங்க ரொம்ப வருஷமா இங்க இருக்கீங்க. நீங்க சொன்னா எழுதிடறேன்."

சரித்திர சார் சுவரைத் தட்டினார். "இதுல ஒரு சங்கதி இருக்கு சார்..."

அப்போது ஒரு காற்று வந்தது. உத்திரம் முனகியது, வழக்கத்தைவிட நீளமாக. எஞ்சினியர் தன்னையறியாமல் ஓரடி பின்னால் வைத்தார். முன்வரிசையிலிருந்து மல்லிகா எழுந்தாள்.

"பயப்படாதீங்க சார். அது கப்பல் மரம். காத்து அடிச்சா ஊருக்குப் போகணும்னு அழும், அவ்ளோதான். ஒண்ணும் பண்ணாது. எங்க சார் சொல்லிருக்காரு."

மற்ற பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒன்றுகூட இடத்தைவிட்டு நகரவில்லை.

சரித்திர சாரின் கை சுவரிலேயே இருந்தது. பிள்ளைகளைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் மெல்லக் கனைத்தார், சொல்லுங்க சார் என்பதுபோல.

"எனக்குத் தெரியாது சார்."

"என்ன சார்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"தெரியாது. கப்பலும் இல்ல, பாய்மரமும் இல்ல, அது நான் கட்டின கதை. அந்த மரத்துக்குள்ள எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது." என் பக்கம் திரும்பினார். "டீச்சர், பசங்களை வெளிய கூட்டிட்டுப் போயிடுங்க. இப்பவே."

நான் கூட்டிக்கொண்டு போனேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது ஹெட்மாஸ்டர் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். பள்ளி போய்விட்டது என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் சரித்திர சாரைப் பார்க்க அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

எஞ்சினியர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "அப்ப மிச்சம் சொன்னதெல்லாம்?"

"அதுவும் கதைதான் சார்."

"அது எனக்கு மொதல்லயே தெரியும். இந்த மாதிரி கட்டடம் நான் வேற ஊர்ல நிறையப் பார்த்திருக்கேன். பட்டாளத்துக் குதிரைக்குக் கொள்ளு வைக்கிற கிடங்கு. தரையை வண்டி உயரத்துக்கு ஏத்தியிருக்கு பாருங்க, மூட்டையை அப்படியே இழுத்துப் போட. ஜன்னல் மேல இருக்கறது மூட்டை அடுக்க சுவர் வேணுமேன்னு. வளையம் வண்டி மாடு கட்ட."

சரித்திர சாருக்கு உத்திரத்தைவிட இதுதான் பெரிய அடி. "கொள்ளா?" என்றார்.

"ஹௌது. ஹுருளி, கொள்ளு."

அந்த இக்கட்டிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். எஞ்சினியர் சிரிக்கவில்லை.

"கொள்ளு மூட்டையைத் தாங்கக் கட்டின சுவர், அதுக்கு ஒண்ணும் ஆகாது. உத்திரத்தைத்தான் பார்க்கணும். பசங்க தலைக்கு மேல இருக்கறதுல கதை விட மாட்டீங்கன்னு நெனச்சேன். நீங்க நல்லா இருக்குன்னு சொல்லிருந்தா நான் எழுதிக் கொடுத்துட்டு மத்தியான ரயிலைப் பிடிச்சிருப்பேன்" என்று சரித்திர சாரிடம் சொன்னார். "நாளைக்கு ஆசாரியைக் கூட்டிட்டு வரேன்."

மறுநாள் ஆசாரி ஏணியில் ஏறி, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் உளியை வைத்து அழுத்தினார். வெந்த கிழங்கில் இறங்குவதுபோல உளி பிடிவரை இறங்கியது. வெளியே மட்டும்தான் மரம், உள்ளே கரையான் புற்று. அந்த மழைக்கு அது தாங்கியிருக்காது என்று ஆசாரி சொன்னபோது ஹெட்மாஸ்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சினியர், ஹாலை மட்டும் பூட்டிப் பழுது பார்க்க வேண்டும், மற்றபடி கட்டடம் திடமானது, பள்ளி இங்கேயே நடக்கலாம் என்று எழுதினார். மல்லிகாவின் அப்பாவுக்கு நானே போய்ச் செய்தி சொன்னேன். "நடந்து போற தூரம்தானே, அப்ப வரட்டும்" என்றார்.

மழைக்காலம் முழுக்க முகப்பிலும் வராந்தாவிலும் நெருக்கியடித்துக்கொண்டு வகுப்பு நடத்தினோம். ஹாலில் மரத்தை இறக்கி இரும்பு உத்திரம் ஏற்றினார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது, சரித்திர சாரைத் தவிர. மனிதர் சுவரைத் தட்டுவதை விட்டுவிட்டார். புத்தகத்தைத் திறந்து, வரி மாறாமல் வாசித்து, மூடிவிட்டுப் போனார். அசோகர் மரம் நட்டார், நிழல் தந்தார், அவ்வளவுதான். அவர் கதை விடாத அந்த நாட்களில் பள்ளிக்கூடம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஹால் திறந்த பிறகு, அவருடைய முதல் பீரியட் ஐந்தாம் வகுப்புக்கு. நான் சாக்பீஸ் டப்பாவோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மல்லிகாவின் குரல் கேட்டு நின்றேன்.

"சார், அது கப்பல் மரம் இல்லியா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் அழுதுச்சு?"

"கரையான் தின்னுடுச்சு. உள்ள ஒண்ணும் இல்ல. அதான் சத்தம்."

"நீங்களும் அதுக்குக் கீழதானே நின்னீங்க சார். உங்களுக்குப் பயமா இல்லியா?"

சரித்திர சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இல்லம்மா. சொல்லிச் சொல்லி நானும் நம்பிட்டேன்."

இத்தனை நாளும் அவர் வேண்டுமென்றே அங்கே நிற்கிறார் என்றல்லவா நினைத்திருந்தேன். பிள்ளைகள் அவரை அப்படியே விட்டுவிடவில்லை.

"பரவால்ல சார்" என்றாள் மல்லிகா. "அப்ப இது இன்னா இடம் சார்?"

"கொள்ளு கிடங்கு. குதிரைக்கு வைக்கிற கொள்ளு."

ஹால் முழுக்கச் சிரிப்பு. கர்னலுக்கும் நவாபுக்கும்கூட அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை. பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள், "எத்தனை குதிரை சார்?"

"தெரியாது" என்றார். இந்தத் தடவை அந்த வார்த்தை அவருக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள். அவருடைய கை தானாக நகர்ந்து சுவருக்குப் போயிற்று.

"ஆனா அதுல ஒரு குதிரை மட்டும் கொள்ளைத் தொடவே தொடாது. இது கதைதான், நெஜம் இல்ல, முன்னாடியே சொல்லிடறேன். சொல்லட்டா?"

"சொல்லுங்க சார்."

பக்கத்து வகுப்பில் எனக்காகப் பின்னக் கணக்கு காத்துக்கொண்டிருந்தது. அந்தக் குதிரை ஏன் கொள்ளைத் தொடவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் போக எனக்கு மனசு வரவில்லை.